ராணுவச் செலவு நாட்டை வளர்க்குமா? ஓர் எளிய விளக்கம்

பட்ஜெட் நாளன்று மாலை தொலைக்காட்சி விவாதங்களில் தவறாமல் ஒரு சண்டை நடக்கும். "ராணுவத்துக்கு இத்தனை லட்சம் கோடியா? இதில் எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம்!" என்பார் ஒருவர். "அந்தப் பணம் தொழிற்சாலைகளுக்குத்தானே போகிறது? வேலை பெருகும், நாடு வளரும்" என்பார் எதிரே இருப்பவர். முன்னவர் பாதுகாப்புச் செலவு முழுவதையும் கிணற்றில் போட்ட பணமாக நினைக்கிறார். பின்னவரோ எங்கே எப்படிச் செலவானாலும் அது வளர்ச்சியாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறார்.

பொருளியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியை ஆராய்கிறார்கள். எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒற்றைப் பதில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எப்போது இந்தச் செலவு வளர்ச்சிக்குக் கைகொடுக்கும், எப்போது காலை வாரிவிடும் என்பது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கடைத்தெரு

நாற்பது கடைகள் உள்ள ஒரு கடைத்தெருவில் திருட்டு பயம் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரிகள் சேர்ந்து பணம் போட்டு, இரவுக் காவலுக்கு இரண்டு பேரை அமர்த்துகிறார்கள்; தெருமுனையில் இரும்புக் கதவும் போடுகிறார்கள். பயம் போன பிறகுதான் நகைக்கடைக்காரர் துணிந்து சரக்கு எடுத்து வைக்கிறார், வங்கியும் அவருக்குக் கடன் தருகிறது. காவலுக்குப் போன பணம் நேரடியாக எதையும் விற்கவில்லை என்றாலும், விற்பனை நடக்க வழி செய்தது.

இதே தெருவில் இருபது காவலர்களை வைத்தால் வியாபாரம் பத்து மடங்காகுமா? ஆகாது. சரக்கு வாங்க வேண்டிய பணம் சம்பளத்துக்குப் போகும். இரும்புக் கதவை அதே தெருவில் உள்ள வெல்டிங் பட்டறையில் செய்தால், பட்டறைக்காரர் அந்தக் காசில் அடுத்த கடையில் அரிசி வாங்குவார். வெளியூரில் செய்து கொண்டுவந்தால் காசு வெளியூருக்குப் போய்விடும். சாக்கடை கட்ட ஒதுக்கிய பணத்தைக் காவலுக்கு எடுத்துவிட்டால், மழைக்காலத்தில் வாடிக்கையாளர் தெருவுக்குள்ளேயே வரமாட்டார்.

நாட்டின் பாதுகாப்புச் செலவும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. எவ்வளவு செலவு என்பதோடு, அது எங்கே போய்ச் சேர்கிறது, எதிலிருந்து எடுக்கப்படுகிறது, செலவழித்த பின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

6.81 லட்சம் கோடி எங்கே போகிறது?

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். மத்திய அரசின் மொத்தச் செலவில் இது 13.45 சதவீதம். இந்தத் தொகையைக் கேட்டதும் பலர் மனதில் வருவது போர் விமானமும் ஏவுகணையும். உண்மையில் ஆயுதம், விமானம், கப்பல் வாங்குவது போன்ற மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடிதான், நான்கில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். மூலதனச் செலவு என்றால் பல ஆண்டுகள் பயன்படும் பொருள்களுக்கான செலவு.

மிகப் பெரிய பங்கு வருவாய்ச் செலவுக்குப் போகிறது. சம்பளம், ரேஷன், எரிபொருள், தோட்டா, பழுதுபார்ப்பு என அந்தந்த ஆண்டிலேயே கரைந்துவிடும் செலவு இது. இதற்கு 3.12 லட்சம் கோடி. ஓய்வூதியம் 1.61 லட்சம் கோடி. அமைச்சக நிர்வாகம், கடலோரக் காவல்படை, எல்லைச் சாலைகள் போன்றவற்றின் சிவில் கணக்கில் மீதிச் சுமார் 28,700 கோடி.

ஓய்வூதியத்துக்கும் மூலதனச் செலவுக்கும் இடையே வெறும் 20,000 கோடிதான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். ஆகவே "ராணுவச் செலவு தொழிற்சாலைகளை வளர்க்கிறது" என்று சொல்பவர் இந்த 6.81 லட்சம் கோடியில் 1.80 லட்சம் கோடியைப் பற்றித்தான் பேசுகிறார். அதிலும் ஒரு பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தியாவின் பாதுகாப்புச் செலவு பொருளாதாரத்தில் 1.9 சதவீதம் என்று ஒரு செய்தியும், 2 சதவீதத்துக்கு மேல் என்று இன்னொரு செய்தியும் வரும். ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம், உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் துணை ராணுவப் படைகளின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. பட்ஜெட் கணக்கில் அவை பாதுகாப்புத் துறைக்குள் வருவதில்லை. ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே மூலத்தின் எண்களை எடுக்காவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

ஜிடிபியில் இது எப்படி ஏறுகிறது?

ஜிடிபி எனப்படும் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது, ஓர் ஆண்டில் நாட்டுக்குள் உற்பத்தியான பொருள்கள், சேவைகள் அனைத்தின் மதிப்பு. மக்கள் நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு மூன்றையும் கூட்டி, அதோடு ஏற்றுமதியைச் சேர்த்து, இறக்குமதியைக் கழித்தால் வருவது.

ஒரு சிப்பாயின் சம்பளம் இந்தக் கணக்கில் அப்படியே ஏறும். பாதுகாப்பு என்ற சேவையை யாரும் சந்தையில் விலைக்கு விற்பதில்லை. அதனால் அதற்கு ஆகும் செலவையே அதன் மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சம்பளம் உயர்ந்தால், எல்லை முன்பைவிடப் பத்திரமாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே அன்றைய விலையிலான, அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழிக்காத, ஜிடிபி உயர்ந்துவிடும்.

ஓய்வூதியம் ஜிடிபியில் நேரடியாகச் சேராது. அது அந்த ஆண்டு செய்த வேலைக்கான கூலி ஆகாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றித் தரும் பணம். வாங்கியவர் அதைச் செலவழிக்கும்போதுதான் கணக்குக்குள் வரும். வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு வீடு ராணுவத்தில் பணியாற்றியவர்கள் உள்ள ஊர்களில், மாதம் தவறாமல் வரும் ஓய்வூதியம் மளிகைக் கடை, கட்டட வேலை, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் வரை ஓடுவது உண்மை. ஆனால் இந்த விளைவு பணம் கையில் கிடைப்பதால் வருவது. முதியோர் உதவித்தொகையாகவோ நூறு நாள் வேலைக் கூலியாகவோ கொடுத்தாலும் இதே மாதிரி ஓடும்.

வெளிநாட்டிலிருந்து 100 கோடிக்கு ஒரு விமானம் வாங்கினால், அந்த 100 கோடி அரசு வாங்கியதாகக் கூட்டப்படும். இறக்குமதி என்ற வகையில் அதே 100 கோடி கழிக்கப்படும். உள்நாட்டு உற்பத்தியில் விளைவு பூஜ்யம். பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

இதுவரை பார்த்ததன் சாரம்: பாதுகாப்புச் செலவில் பெரும்பகுதி சம்பளமும் ஓய்வூதியமும். ஜிடிபி அவற்றில் சிலவற்றைக் கூட்டும், சிலவற்றைக் கூட்டாது, இறக்குமதியைக் கழித்துவிடும். எனவே செலவு ஏறியதாலேயே வளர்ச்சி ஏறியது என்று சொல்ல முடியாது.

ஒரு ரூபாய் எத்தனை கை மாறும்?

அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயால் நாட்டின் உற்பத்தி எத்தனை ரூபாய் கூடுகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர். கணக்கு இப்படி: தொழிலாளி ஒருவருக்கு 100 ரூபாய் கூலி கிடைக்கிறது. வரி, சேமிப்பு, இறக்குமதிப் பொருள் எல்லாம் போக 60 ரூபாயை உள்நாட்டுப் பொருள்களில் செலவிடுகிறார். அதை வாங்கிய கடைக்காரர் தன் பங்குக்கு 36 ரூபாயைச் செலவிடுகிறார். அடுத்தவர் 21 ரூபாய் 60 காசு. இப்படிக் கரைந்துகொண்டே போகும் தொகைகளைக் கூட்டினால் 250 ரூபாய் வரும். பெருக்கி 2.5.

இப்போது அந்த 100 ரூபாயில் 55 ரூபாய் முதல் அடியிலேயே வெளிநாட்டு இன்ஜினுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் சுற்றத் தொடங்குவது 45 ரூபாய்தான். மொத்தம் 112 ரூபாய் 50 காசோடு முடிந்துவிடும். முதல் அடியில் எவ்வளவு ஒழுகுகிறது என்பதுதான் பாதி விடையைத் தீர்மானிக்கிறது.

ஆவடியில் நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலைக்கு, ஊர் வழக்கில் டேங்க் ஃபேக்டரிக்கு, 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் எம்கே-1ஏ டேங்குகள் செய்ய ஆர்டர் வந்தது. மதிப்பு 7,523 கோடி ரூபாய். இதனால் 200-க்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்களுக்கு வேலை வரும், சுமார் 8,000 பேருக்கு வேலைவாய்ப்பு கிடைக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. கவசத் தகடு, வார்ப்பு, சங்கிலிப் பட்டை, மின்கம்பித் தொகுப்பு என உள்நாட்டில் செய்பவை ஏராளம். இவற்றுக்குப் போகும் பணம் லேத் ஓட்டுபவர், வெல்டர், லாரிக்காரர் வரை இறங்கும். ஆனால் டேங்கின் 1,400 குதிரைத்திறன் இன்ஜினும் கியர்பெட்டியும் ஜெர்மனி நிறுவனங்களின் தயாரிப்பு. ஒரு டேங்கில் விலை கூடிய பாகங்களில் இவை முக்கியமானவை. அந்தப் பணம் ஆவடியைத் தொடாமலே போய்விடும்.

ஒழுக்கு மட்டும் பிரச்சினை இல்லை. ராணுவ ஆர்டர் மழை மாதிரி சீராகப் பெய்வதில்லை. முதலில் செய்த 124 அர்ஜுன்கள் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் இந்த 118-க்கான ஒப்பந்தம் 2021-இல் கையெழுத்தானது. நடுவில் உதிரிபாகப் பட்டறைக்காரர் என்ன செய்வார்? ஒரு பாகத்துக்கென்றே தனி அச்சும் தனிப் பிடிமானமும் செய்து, தரச் சான்று வாங்கி, நுணுக்க அளவில் கடைய ஆள் பழக்கியிருப்பார். அடுத்த ஆர்டர் எப்போது என்று தெரியாவிட்டால் அந்த முதலீட்டுக்கு வட்டி மட்டும் ஏறும். பழகிய ஆள் கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போய்விடுவார். இரண்டாம் முறை ஆர்டர் வரும்போது அவர் புதிய இயந்திரம் வாங்கத் தயங்குவது இயல்பு. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் வருவது உறுதி என்ற ஆர்டர், ஒரே அடியில் வந்து நின்றுபோகும் பெரிய ஆர்டரைவிடச் சிறு பட்டறைகளை அதிகம் வளர்க்கும். ராணுவத் தளவாடத் தொழில்களை வளர்க்க வகுத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியின் ஐந்து முனையங்களான சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சிக்கு எதிர்காலம் உண்டா என்பது பெரிதும் இந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது.

இறக்குமதிப் பாகம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குத் தேஜஸ் எம்கே-1ஏ போர் விமானம் உதாரணம். 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போடப்பட்டது. அவற்றுக்கான 99 எஃப்-404 இன்ஜின்களில் முதலாவதை அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் ஒப்படைத்தது 2025 மார்ச்சில். விமான உடல் தயார், ஆள்கள் தயார், இன்ஜின் இல்லை. அந்த ஆண்டுகளில் இந்திய நிறுவனங்களில் முடங்கிய பணமும் இந்தச் செலவின் ஒரு பகுதிதான்.

"உள்நாட்டுத் தயாரிப்பு" என்ற முத்திரையையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 2020 பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறைப்படி, இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கியவை என்ற உயர்ந்த முன்னுரிமைப் பிரிவுக்குக்கூட உள்நாட்டுப் பங்கு குறைந்தது 50 சதவீதம் இருந்தால் போதும். மீதிப் பாதி எங்கிருந்தும் வரலாம்.

நிஜத்தில் பெருக்கி எவ்வளவு?

மேலே சொன்ன 2.5 ஒரு காகிதக் கணக்கு. நிஜ எண் அதைவிட மிகக் குறைவு. அமெரிக்கப் பாதுகாப்புச் செலவை ஆராய்ந்து ராபர்ட் பாரோ, சார்லஸ் ரெட்லிக் இருவரும் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், செலவு நடந்த அதே ஆண்டில் பெருக்கி 0.4 முதல் 0.5 வரை, இரண்டு ஆண்டுகளில் 0.6 முதல் 0.7 வரைதான். ஒன்றுக்குக் கீழே என்றால், ராணுவத்துக்காக ஒரு ரூபாய் உற்பத்தி கூடியபோது வேறெங்கோ முப்பது நாற்பது காசு உற்பத்தி குறைந்துவிட்டது என்று பொருள். வேறு ஆய்வுகள் இதைவிடக் கூடுதலான எண்ணும் தருகின்றன. ஆனால் இந்தச் செலவு இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

பெருக்கியை அளக்க ஆய்வாளர்கள் ராணுவச் செலவையே விரும்பி எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சாலைப் பணியையும் நிவாரணத்தையும் அரசுகள் பெரும்பாலும் பொருளாதாரம் படுத்திருக்கும்போது கூட்டுகின்றன. பின்னால் வளர்ச்சி வந்தால் அது செலவால் வந்ததா, தானாக மீண்டதா என்று பிரிக்க முடியாது. போர் பொருளாதார நிலவரம் பார்த்து வருவதில்லை. ஆகவே போர்க்கால எண்களில் செலவின் விளைவைத் தனியாகப் பிரித்தெடுப்பது கொஞ்சம் எளிது.

சும்மா கிடக்கும் கைகள் இருந்தால்

ஒன்றுக்குக் கீழான பெருக்கி ஏன்? ஆளும் இரும்பும் இயந்திரமும் ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தால், ராணுவம் அவற்றை அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். சும்மா கிடந்தால்தான் புதிதாக உற்பத்தி கூடும்.

அமெரிக்காவில் 1940-இல் வேலையின்மை 14.6 சதவீதம். 1930-களின் பெரும் பொருளாதாரச் சரிவான பெருமந்தம் முழுதாகத் தீரவில்லை. போர் ஆர்டர்கள் குவிந்து 1944-இல் அது 1.2 சதவீதமாகச் சரிந்தது. "போர்தான் அமெரிக்காவைத் தூக்கி நிறுத்தியது" என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். எண் உண்மை. ஆனால் அதே காலத்தில் 1942 பிப்ரவரி முதல் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது; சர்க்கரை, டயர், பெட்ரோல் எல்லாம் ரேஷன். ஜிடிபி மளமளவென்று ஏறியது, மக்கள் வாங்கக்கூடிய பொருள்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை. கோடிக்கணக்கானோர் உயிரிழந்த ஒரு போரை வளர்ச்சித் திட்டமாகப் பேசுவது கணக்கிலும் தவறு, அறத்திலும் தவறு.

ரஷ்யாவின் நிலை இதற்கு நேர் எதிர். உக்ரைன் போருக்காக 2023, 2024 ஆண்டுகளில் செலவை ஏற்றியபோது வளர்ச்சி ஆண்டுக்கு 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பலர் வியந்தார்கள். ஆனால் அங்கே சும்மா இருக்கும் கைகள் இல்லை. 2024 இறுதியில் வேலையின்மை 2.5 சதவீதத்துக்கும் கீழே. ஆயுதத் தொழிற்சாலைகளும் ராணுவமும் கூடுதல் சம்பளம் கொடுத்து ஆள்களை இழுத்தன, மற்றத் தொழில்களும் போட்டிக்குச் சம்பளம் ஏற்றின, விலைவாசி எகிறியது. அதை அடக்க மத்திய வங்கி 2024 அக்டோபரில் வட்டியை 21 சதவீதமாக்கியது. அந்த வட்டிக்குக் கடன் வாங்கி எந்த வீட்டுமனைக்காரர், எந்தத் துணி ஆலைக்காரர் முதலீடு செய்வார்? 2025-இல் வளர்ச்சி வெகுவாக இறங்கிவிட்டது. அரசின் செலவும் கடனும் தனியார் முதலீட்டை இப்படி நெருக்கி வெளியேற்றுவதை வெளித்தள்ளல் என்கிறார்கள்.

இந்தியா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வேலை தேடும் இளைஞர்கள் கோடிக்கணக்கில் உண்டு. ஆனால் விமானத் தரத்தில் வெல்டிங் செய்பவர், ரேடார் மென்பொருள் எழுதுபவர், உலோகவியல் வல்லுநர் ஆகியோர் குறைவு. ராணுவ ஆர்டர் முதலில் தேடுவது இந்த இரண்டாம் வகையினரைத்தான்.

பணம் எதிலிருந்து வந்தது?

அரசு செலவைக் கூட்ட மூன்றே வழி: வரியை ஏற்றலாம், கடன் வாங்கலாம், வேறு செலவை வெட்டலாம். மூன்றுக்கும் விலை உண்டு. ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்ட அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்புக்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். "ஆஸ்பத்திரி கட்டலாமே" என்பவரின் கேள்வி இதுதான், அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல, ராணுவத்தில் மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகுமா என்பதையும், எல்லை பலவீனமானால் வரும் இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏற்றிய பின் இறக்குவது கடினம் என்பதற்கு இலங்கை கண் முன்னே நிற்கும் சாட்சி. போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் ராணுவத்தின் ஆள் பலம் சுமார் 2 லட்சமாகவே நீடித்தது. நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர முடியாது என்று அறிவித்த பிறகே, 2023 ஜனவரியில், ஆள் பலத்தை 2024-க்குள் 1,35,000 ஆகவும் 2030-க்குள் 1 லட்சமாகவும் குறைப்போம் என்று அரசு சொன்னது. கடன் நெருக்கடிக்கு ராணுவச் செலவு மட்டும் காரணம் அல்ல. வரிக் குறைப்பு, கடன் வாங்கிச் செய்த முதலீடுகள், கொரோனா எனப் பல உண்டு. ஆனால் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் உறைந்துபோன செலவை, துப்பாக்கிகள் ஓய்ந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியும் வெட்ட முடியவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் போரில் எல்லாம் இழந்த மக்களின் வீட்டுக்கும் வயலுக்கும் போயிருக்க வேண்டிய பணம் அதில் எவ்வளவு என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

செலவழித்த பின் என்ன மிஞ்சுகிறது?

நீண்டகால வளர்ச்சியைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். 10 கோடிக்கு ஒரு நெசவு ஆலை வைத்தால் அது ஆண்டுதோறும் துணி தரும். டேங்க் செய்தால் அது கொட்டகையில் நின்று எதிரியை அச்சுறுத்தும். வேறெதையும் உற்பத்தி செய்யாது, பராமரிப்புக்குப் பணமும் கேட்கும். அச்சுறுத்துவதுதான் அதன் வேலை, அதற்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை ஜிடிபியில் தேடினால் கிடைக்காது.

ஆனால் பாதுகாப்புச் செலவிலேயே வேறு விதமாக மிஞ்சுபவையும் உண்டு. எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டிய அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளம். 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. படைகளையும் சரக்குகளையும் லடாக் பக்கம் கொண்டுசெல்லத்தான் அதை ராணுவம் விரும்பியது. அதுவரை ரோத்தாங் கணவாயில் பனி மூடினால் இமாச்சலின் லாஹௌல் பள்ளத்தாக்கு ஆண்டில் பல மாதம் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். மணாலி–லே பாதையில் 46 கிலோமீட்டர் குறைந்தது. இப்போது அங்கே பிரசவ வலி கண்ட பெண்ணைக் குளிர்காலத்திலும் மணாலிக்குக் கொண்டுவரலாம். பட்டாணியும் உருளைக்கிழங்கும் சந்தைக்கு வர கணவாய் திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பாதுகாப்புச் செலவு வளர்ச்சியாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தியாவில் குறைவு.

ராணுவத்துக்காகக் கண்டுபிடித்தது மக்கள் வாழ்க்கைக்குள் இறங்குவதைத் தொழில்நுட்பக் கசிவு என்கிறார்கள். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் பிறந்தது. ஜிபிஎஸ் அதே துறையின் செயற்கைக்கோள்களில் ஓடுகிறது. ஏவுகணைக்காக உருவாக்கிய இலகுவான கூட்டுப்பொருளைக் கொண்டு, அப்துல் கலாமின் குழு ஹைதராபாதில் போலியோ பாதித்த குழந்தைகளுக்கு காலைத் தாங்கிப் பிடிக்கும் எடை குறைந்த காலிப்பர் செய்து கொடுத்தது. கிலோ கணக்கில் உலோகத்தைக் காலில் கட்டி இழுத்த குழந்தைகள் லேசாக நடந்தார்கள்.

கசிவு தானாக நடக்காது. ஆராய்ச்சிக்குப் பணம் இருக்க வேண்டும், ரகசியச் சுவர் ஓரளவு தளர வேண்டும், வெளியே அதை எடுத்துப் பொருளாக்கும் நிறுவனங்கள் இருக்க வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் ராணுவ விஞ்ஞானம் உச்சத்தில் இருந்தது. ஆனால் அது ரகசிய நகரங்களுக்குள் அடைபட்டுக் கிடந்ததால், மக்கள் கடையில் வாங்கும் நல்ல பொருள்களாக அதிகம் வெளிவரவில்லை. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு ஒதுக்கியது சுமார் 26,800 கோடி, மொத்தத்தில் 4 சதவீதம். என் பார்வையில் வளர்ச்சிக்காகக் கவலைப்படுகிறவர்கள் சண்டை போட வேண்டிய இடம் இந்த எண்தான்.

ஆக, குறுகிய காலத்தில் விளைவைத் தீர்மானிப்பவை ஒழுக்கும் சும்மா கிடக்கும் ஆள் பலமும். நீண்ட காலத்தில் தீர்மானிப்பவை சாலை, அறிவு, கைத்திறன் என எது மிஞ்சியது என்பதும், எதை விட்டுக்கொடுத்து அது வந்தது என்பதும்.

எது காரணம், எது விளைவு?

எமில் பெனுவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1973-இல் ஒரு முடிவை வெளியிட்டார். 1950 முதல் 1965 வரை 44 வளரும் நாடுகளைப் பார்த்ததில், ராணுவச் சுமை கூடிய நாடுகளே பெரும்பாலும் வேகமாக வளர்ந்திருந்தன. ராணுவச் செலவு வளர்ச்சி தரும் என்ற வாதத்துக்கு இன்றும் ஆதாரமாகக் காட்டப்படுவது இதுதான். பின்னர் வந்தவர்கள் இரண்டு ஓட்டைகளைக் காட்டினார்கள். அந்த நாடுகளில் பலவற்றுக்கு வெளிநாட்டு உதவி ஏராளமாக வந்துகொண்டிருந்தது. வளர்ச்சிக்கும் ஆயுதத்துக்கும் பணம் அங்கிருந்து வந்தது. அடுத்தது, அம்பு எதிர்த் திசையிலும் பாயலாம்: வளர்ந்து வரி வருமானம் பெருகிய நாடு அதிக ஆயுதம் வாங்குகிறது.

தென்கொரியாவையும் ஜப்பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும். தென்கொரியா 1970-களிலும் 80-களிலும் பொருளாதாரத்தில் 4 முதல் 6 சதவீதத்தை ராணுவத்துக்குச் செலவிட்டபடியே அதிவேகமாக வளர்ந்தது. 1975-இல் தனியாகப் பாதுகாப்பு வரியே போட்டது. ஜப்பான் 1976-இல் ஒரு சதவீதத்தைத் தாண்டுவதில்லை என்று அமைச்சரவையில் முடிவெடுத்தது; அதற்கு முன் 1960-களின் பெரும் வளர்ச்சியின்போதும் செலவு அந்த ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அதிகம் செலவிட்டவரும் வளர்ந்தார், குறைவாகச் செலவிட்டவரும் வளர்ந்தார். இரண்டிலும் பொதுவாக இருந்தவை கல்வி, ஏற்றுமதி, தொழில் முதலீடு. கொரியா செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு: 1973-இல் தொடங்கிய கனரகத் தொழில் திட்டத்தில் எஃகு, கப்பல், இயந்திரம் ஆகியவற்றை ராணுவத்துக்கும் உலகச் சந்தைக்கும் சேர்த்தே வளர்த்தது. ஆர்டர் நின்றாலும் ஆலை நிற்கவில்லை.

சதவீதத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பொருளாதாரம் 100 ரூபாய், ராணுவச் செலவு 3 ரூபாய் என்றால் 3 சதவீதம். நெருக்கடியில் பொருளாதாரம் 75 ரூபாயாகச் சுருங்கி, செலவு அதே 3 ரூபாயாக இருந்தால் 4 சதவீதம். ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அந்த ஆண்டு "செலவு கூடியது, வளர்ச்சி விழுந்தது" என்று தலைப்பு போட்டால் அது வெறும் வகுத்தல் கணக்கின் விளையாட்டு.

அடுத்த பட்ஜெட்டை இப்படிப் படியுங்கள்

மொத்தத் தொகையை விட்டுவிட்டு நேராக மானியக் கோரிக்கைகளுக்கு, அதாவது அமைச்சகம் நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகைகளின் பட்டியலுக்கு, போங்கள். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு உண்டு: எண் 19 சிவில், 20 வருவாய், 21 மூலதனம், 22 ஓய்வூதியம். ஏற்றம் எதில் வந்திருக்கிறது என்று பாருங்கள். 20-இலும் 22-இலும் மட்டும் ஏறியிருந்தால், தொழிற்சாலைகளுக்குப் பெரிதாக எதுவும் போகவில்லை. 21 ஏறியிருந்தால், அதில் உள்நாட்டுக் கொள்முதலுக்கு எவ்வளவு என்ற அறிவிப்பைத் தேடுங்கள். 2025-26-இல் நவீனமயமாக்கலுக்கான சுமார் 1.49 லட்சம் கோடியில் 1.12 லட்சம் கோடி உள்நாட்டுக்கு என்று ஒதுக்கினார்கள்.

ஏற்றுமதிச் செய்தி வந்தால் அளவையும் பாருங்கள். 2013-14-இல் 686 கோடியாக இருந்த பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25-இல் 23,622 கோடி ஆனது. பிலிப்பைன்ஸுக்குப் பிரமோஸ் ஏவுகணை விற்றது போன்ற ஒப்பந்தங்கள் ஆலைகளைத் தொடர்ந்து ஓடவைக்கும் என்பதால் இது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனாலும் அது 6.81 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம்.

கடைசியாக, முதலில் அறிவித்த தொகை பின்னர் எவ்வளவாக மாறியது என்று காட்டும் திருத்திய மதிப்பீட்டுப் பத்தியைத் தவறவிடாதீர்கள். 2024-25-க்கு மூலதனச் செலவாக 1.72 லட்சம் கோடி அறிவிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து வந்த ஆவணத்தில் அது 1.595 லட்சம் கோடியாக இறங்கியிருந்தது. அந்த 12,500 கோடி எந்த டேங்காகவும், எந்தச் சாலையாகவும், எந்தப் பட்டறைக்கான ஆர்டராகவும் அந்த ஆண்டில் மாறவில்லை. அறிவித்த நாளில் அதை வைத்து வளர்ச்சி வரும் என்றும் வராது என்றும் மணிக்கணக்கில் விவாதித்தார்கள். திருத்தம் வந்த நாளில் பேசியவர்கள் மிகச் சிலரே.